தொண்டைக்குப் போன கண் மருந்து

கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசந்தால் அது வேலை செய்கிறது என்று பொருளா? சொல்லுங்கள். தயங்கினீர்கள் என்றால், கலாதேவியைக் குறை சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அங்கே கண்ணோய் பரவினால், தோட்டத்து மக்களுக்கு வைத்தியம் பார்த்த டிரெஸ்ஸர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார். கன்னம் வழிய மருந்தை ஊற்றி, "கசக்குதா?" என்பார். கசக்குது என்ற பிள்ளை வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் இன்னொரு தரம். தோட்டமே அப்படித்தான் கற்றுக்கொண்டது.

தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிபட்டு, கலாதேவி ஈப்போ நகருக்கு வந்தார். ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் வேலை. ஐம்பதைத் தாண்டியபின் கண் அழுத்த நோய் என்றார்கள். இடக்கண் அதற்குள் போயிருந்தது. வலக்கண்ணையாவது காப்பாற்ற ஒரு குப்பி சொட்டு மருந்து. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் மலாய் மொழியில் ஒரு வரி சொன்னார்கள். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

கணவர் சன்னாசிதான் ஊற்றிவிடுவார்.

"கசக்குதா?"

"இல்லையே. இன்னும் ஊத்துங்க."

"குப்பியோட வாயில கவுத்துடவா?"

"சும்மா பேசாம ஊத்துங்க லா."

கசப்பு இறங்கும்வரை கலாதேவி கண்ணை இறுக்கி இறுக்கி மூடித் திறப்பார். ஒரு மாதக் குப்பி பாதி மாதத்தில் தீர்ந்துவிடும். மீதி நாளெல்லாம் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அழுத்தம் இறங்கவில்லை. ஒழுங்காகப் போடுவதில்லை என்று டாக்டர் திட்டினார். கலாதேவி வீட்டுக்கு வந்து, இன்னும் கூடுதலாக ஊற்றச் சொன்னார்.

ஒரு நாள் வேலையிடத்தில் தலைசுற்றி விழுந்தார். நாடி மிக மெதுவாக ஓடியது. ஆஸ்பத்திரியில் மருந்தாளர் ரஸ்னாதான் முதன்முதலாகக் கேட்டார்: "எப்படி ஊத்துவீங்க? காட்டுங்கக்கா."

காட்டினார்.

"இது கண்ணுக்கா, தொண்டைக்கா?"

"கசந்தாத்தானே மருந்து உள்ள போவும்?"

"உள்ளதான் போவுது. கண்ணுக்குள்ள இல்லக்கா. மூக்கு வழியா ரத்தத்துக்கு. அதான் நெஞ்சு மெதுவா அடிக்குது."

கண் ஒரு சொட்டையே முழுதாகத் தாங்காது. மூக்கோர முனையில் கண்ணீர் வடியும் சிறு துளை உண்டு. மிஞ்சியது அதன் வழியே மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கும்; கசப்பு அதுதான். மூக்கிலுள்ள மெல்லிய சவ்வு அதை உறிஞ்சி நேரே ரத்தத்தில் சேர்க்கும். கண்ணுக்கு வேண்டிய மருந்தோ கருவிழி மேல் கொஞ்சம் தங்கி, ஊடுருவி உள்ளே போக வேண்டும். ஆகவே கீழிமையை இழுத்து ஒரே சொட்டு. கண்ணை மெல்ல மூடி, மூக்கோர முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். இதுதான் முழுப் பாடம்.

டாக்டர் மருந்தை மாற்றினார். அழுத்தம் இறங்கியது. போன பார்வை வரவில்லை. வலக்கண்ணில் நடுப்பகுதி மட்டும் மிச்சம். பக்கத்தில் வந்து நிற்பவர் பேசினால்தான் தெரியும். வேலையும் போயிற்று.

"தலையெழுத்து," என்கிறார் சன்னாசி.

இல்லை. இரண்டு நிமிடம் நின்று காட்டித்தர அந்தக் கவுண்டரில் யாருக்கும் மனம் வரவில்லை. ஏழை ஜனம், கேள்வி கேட்காது என்கிற தைரியம்.

கலாதேவிக்கு அந்தக் கோபம்கூட இல்லை. "தெரியிறவரைக்கும் பாப்போம் லா," என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார்.

நீங்கள் கேளுங்கள். அடுத்த முறை கண் மருந்து வாங்கும்போது, ஒரு சொட்டு எப்படி விடுவது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள்.