ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

நான் வேலைக்குச் சேர்ந்த கம்ப்யூட்டர் கம்பெனி ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. எண்பதுகளின் பின்பாதி. கம்ப்யூட்டர் என்றால் ஜாதகம் கணிக்கும் பெட்டி என்று ஊரில் பலரும் நினைத்திருந்த காலம். பிறந்த நேரம் எழுதிய சீட்டோடு யாராவது படியேறி வந்து, "பொண்ணுக்குப் பொருத்தம் பாக்கணும், எம்புட்டு ஆகும்?" என்று கேட்பார்கள். எங்கள் முதலாளி ஒருவரிடமும் முகம் சுளித்ததில்லை. உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இது கூட்டிக் கழிக்கிற பெட்டி, கிரகம் பார்க்காது என்று விளக்கி அனுப்புவார். நானாக இருந்தால் முதல் படியிலேயே திருப்பி விட்டிருப்பேன். அவ்வளவு பொறுமை எனக்கு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது.

அவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். கம்பெனி என்று பெயரே தவிர, அவரும், விவரங்களைத் தட்டிப் பதிவு செய்யும் பெண்கள் சிலரும், ஒரே ஒரு கம்ப்யூட்டரும்தான். மில்லுக்குச் சம்பளப் பட்டியல், பள்ளிக்கூடங்களுக்கு மதிப்பெண் பட்டியல் என்று கணக்குப் போட்டு அச்சடித்துக் கொடுப்போம். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏ.சி. அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பழங்காநத்தத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்து அந்த அறைக்குள் நுழையும்போது, இந்த வேலையை எந்த ஜென்மத்திலும் விடக்கூடாது என்று தோன்றும்.

எனக்கு அடுத்த நாற்காலியில் செல்லூரிலிருந்து வரும் அக்கா. கல்யாணமானவர், தறி ஓட்டும் குடும்பம். அவர் தட்டுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு வேகம், அவ்வளவு சீர். ஆனால் அந்த வேலைக்கு வீட்டில் அனுமதி வாங்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. கடைசியில் மாமனார் ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். "ஆபீஸ்ல இருந்து ஒரு குத்தம்னு பேச்சு வந்துச்சு, அன்னைக்கோட நீ வீட்டுல இரு" என்பது அவர் சொன்ன வார்த்தை. அக்கா அதைச் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொல்வார். ஆனால் அந்தப் பயம் அவருக்குள் இருந்துகொண்டேதான் இருந்தது. ஒரு எண் தப்பினால்கூட முகம் வெளுத்துவிடும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை நெருங்கியது. சார் கிறிஸ்தவர், வாத்தியார் குடும்பம். ஆபீஸில் பூஜை போடலாமா என்று நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவரோ பூஜையன்று தானே பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் வாங்கி வந்துவிட்டார். "நல்லா செய்யுங்கம்மா, ஒண்ணையும் விட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாகக் கைகட்டி நின்றார். அக்கா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஏ.சி., ஸ்டேப்ளர், துடைப்பம், சார் திறந்துவிட்ட பீரோ என்று ஒன்று விடாமல் பொட்டு. நாங்கள் பொரியைக் கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தோம்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் பெரிய வேலையைத் தொடங்கலாம் என்று மில்லின் தீபாவளி போனஸ் பட்டியலை எடுத்தார் சார். எங்களுக்குச் சோறு போட்டதே அந்த மில்தான். வருஷம் முழுக்க நாங்கள் தட்டிய விவரமெல்லாம் ஒரே ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. அந்தக் காலத்து ஃப்ளாப்பி, அப்பளம் அகலத்தில் கறுப்பு உறைக்குள் இருக்கும் மெல்லிய தட்டு. உறையில் சின்னதாக ஒரு ஜன்னல், அதன் வழியாகத்தான் இயந்திரம் தட்டைத் தொட்டுப் படிக்கும். அந்த இடத்தில் விரல்கூடப் படக்கூடாது.

சார் கவனிக்காமல் செருகிய ஃப்ளாப்பி உள்ளே போனதும் மாவு மில்லில் கல் சிக்கியது போல ஒரு சத்தம். சார் பதறிப்போய் வெளியே இழுத்தார். ஜன்னலில், நட்ட நடுவில், காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"நகலை எடுங்க" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று எப்போதும் ஒரு நகல் வைத்திருப்போம். அக்கா பீரோவிலிருந்த பெட்டியைத் திறந்து எடுத்து நீட்டினார். அதிலும் அழகாக ஒரு பொட்டு.

"ஒண்ணுக்கு வச்சுட்டு ஒண்ணுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்னு..." என்று இழுத்தார் அக்கா. பிறகு, "பொட்டு வைக்கத்தான் அந்த இடம்னு தோணுச்சு சார்" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த ஜன்னல் நெற்றி மாதிரிதான் இருந்தது. யாருடைய கையில் கிண்ணம் இருந்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்போம்.

சார் திட்டவில்லை. நேராகக் கீழே பேட்டரிக் கடைக்குப் போய், கார் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீர் பாட்டிலோடு வந்தார். உறையை பிளேடால் கீறி, உள்ளிருந்த தட்டை உருவிக் கழுவி, காயவைத்துப் புது உறையில் போட்டால் ஒரு தடவையாவது படிக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தாராம். முதலில் அசலைக் கழுவினார். பதற்றத்தில் கை நடுங்கியது. துணியால் ஒற்றுவதற்குப் பதில் அழுத்தித் தேய்த்துவிட்டார். தட்டில் நீளமாக ஒரு கீறல். அசல் போயிற்று.

அந்த நேரம் பார்த்து, போனஸ் பட்டியல் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்க மில் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நடந்ததை சார் மறைக்காமல் சொன்னார். அதிகாரி எங்களை வரிசையாகப் பார்த்தார்.

"யாரு அந்தப் புண்ணியவதி?"

"எல்லாரும் சேந்துதான் சார் பூஜை போட்டோம். ஒண்ணையும் விட்டுராதீங்கன்னு சொன்னது நான்தான்" என்றார் எங்கள் சார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு முன்னாடி பட்டியல் வரணும். யாரு செஞ்சாங்களோ அவங்க இனிமே எங்க வேலையத் தொடக்கூடாது."

அக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மாமனார் சொன்ன அந்தக் குத்தம் இதோ ஜீப்பிலேயே வந்துவிட்டது. அந்த அதிகாரியின் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்கள் மில்லில் மட்டும் பொட்டு வைக்காத மெஷின் ஒன்று இருக்குமா?

"பட்டியல் வந்துரும் சார். யார் எதைத் தொடணும்ங்கிறத நான் பாத்துக்கிறேன்" என்றார் சார். குரல் உயரவில்லை. அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டதும் சார் பிளேடையும் நகலையும் அக்காவிடம் நீட்டினார்.

"நீங்க கழுவுங்கம்மா."

"ஐயோ, நான் வேணாம் சார். இதுவும் போச்சுன்னா..."

"என் கை நடுங்குது. உங்களுது தட்டும்போது நடுங்கி நான் பாத்ததே இல்ல. போனா என் கம்பெனி போகுது, நீங்க பயப்படாதீங்க."

இப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதன்பிறகும் அதிகம் பார்க்கவில்லை. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அக்கா செய்தார். உறையைக் கீறினார். தட்டை ஓரத்தில் பிடித்து உருவினார். தண்ணீரில் அலசி, பச்சைக் குழந்தைக்குத் தலை துவட்டுவது போல ஒற்றி எடுத்து, ஏ.சி. அறையில் விரித்த வெள்ளைத் துணியில் வைத்தார். அது காயும்வரை நாங்கள் ஒருவரும் அந்தப் பக்கம் மூச்சுகூட விடவில்லை. அக்காவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. இயந்திரத்துக்குள் தட்டைத் தொட்டுப் படிக்கும் முனையைத் துடைத்துச் சுத்தம் செய்தபின், தட்டைப் புது உறையில் இட்டு உள்ளே தள்ளினார் சார்.

கர் கர் என்று ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. திரையில் மில்காரர்களின் பெயர்கள் வரிசையாக ஏறத் தொடங்கியபோது நாங்கள் போட்ட கூச்சலில் லாட்ஜ்காரர் மாடிக்கே வந்துவிட்டார். அக்கா அப்போதுதான் அழுதார். சார் உடனே இன்னொரு ஃப்ளாப்பியில் எல்லாவற்றையும் பிரதி எடுத்தார்.

பட்டியல் சொன்னபடி மில்லுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிய அக்காவை சார் நிறுத்தினார். ஃப்ளாப்பிகள் வைக்கும் பீரோவின் சாவி அவர் சட்டைப்பையில்தான் எப்போதும் இருக்கும். அதை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

"இனிமே இது உங்ககிட்ட இருக்கட்டும். இதை உங்களவிட ஜாக்கிரதையாப் பாக்க இந்த மதுரையில ஆளு கிடையாது."

அக்கா மறுநாள் வந்து என்னிடம் சொன்னார். ஒன்றையும் மறைக்காமல், பொட்டு வைத்ததிலிருந்து அதிகாரி பேசியதுவரை மாமனாரிடம் சொல்லிவிட்டாராம். கடைசியில் சாவியை எடுத்துக் காட்டினாராம். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்காவின் கையிலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாராம்.

"அப்புறம்?" என்றேன்.

"காலையில நான் பஸ்ஸுக்குக் கிளம்புறேன், சைக்கிளோட வாசல்ல நிக்கிறாரு. 'ஏறு, ஆபீஸ் சாவி உன்கிட்டல்ல இருக்கு, லேட்டாப் போகக்கூடாது'ங்கிறாரு" என்றார் அக்கா.