வெள்ளாயணிக்கு மூன்றாவது ஆள்

விஜயம் தென்காசிக்காரி. திருவனந்தபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. நாள் முழுக்க ஊரார் குரல்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுத்துவிட்டு தைக்காட்டு விடுதிக்குத் திரும்பினால், பேச ஓர் ஆள் கிடையாது. அப்படி ஒரு வருஷம் போன பிறகுதான் பக்கத்து அறை ராகேல் டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உலுக்கி எழுப்பி வெள்ளாயணிக் காயலுக்கு அழைத்துப் போனாள். ராகேல் மார்த்தாண்டத்துக்காரி, நாற்பது வயது. பறவை பார்ப்பதற்காகவே காலை ஆராதனையை விட்டுவிட்டு மாலை ஆராதனைக்குப் போகிறவள்.

அதன்பிறகு ஞாயிறு என்றால் முதல் பஸ், காயல், வயல் வரம்பில் நடை. ஒரே பைனாகுலரை இருவரும் மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். தனக்கென்று உலகத்தில் ஓர் ஆள் இருப்பதாக விஜயத்துக்குத் தோன்றியது.

எழுபத்துநாலில் தோவாளையிலிருந்து நாச்சியார் என்ற பெண் விடுதிக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது, ஓயாத வாய். "நானும் வரட்டா அக்கா?" என்று கேட்டாள். "வா மக்ளே" என்றுவிட்டாள் ராகேல். அன்றே பஸ்ஸில் ராகேலுக்குப் பக்கத்து இடம் நாச்சியாருக்குப் போயிற்று. பைனாகுலரும் முதலில் அவள் கைக்கே போயிற்று. கொக்கைக் காட்டி அவள் "இது வாத்தா?" என்று கேட்டால்கூட ராகேல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பின்னால் நடந்து வந்த விஜயத்துக்கு வயிறு எரிந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். பின்தங்கிய விஜயத்தின் கண்ணில் அது பட்டது. அல்லி இலைகளுக்கு நடுவே நீண்ட வாலோடு ஒரு தாமரைக்கோழி உட்கார்ந்திருந்தது. அது எழுந்தபோது அடியில் பித்தளை போலப் பளபளக்கும் முட்டைகள். ராகேல் எத்தனையோ வருஷமாகக் காண ஆசைப்பட்ட கூடு. விஜயம் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாச்சியாரிடம், "ராகேலக்காவுக்குத் தலைவலி, நாளைக்குப் போகலை" என்றாள். ராகேலிடம், "நாச்சியாருக்கு என்னமோ ஜோலி உண்டாம்" என்றாள்.

மறுநாள் கூட்டைக் கண்டதும் ராகேல் சேறு என்றும் பாராமல் வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எடி விஜயம், அடைகாக்கது அப்பனாக்கும்! எப்படிக் கண்டுபிடிச்ச நீ?" விஜயம் பூரித்துப் போனாள். அடுத்த மூச்சிலேயே ராகேல் சொன்னாள்: "ஐயோ, நாச்சியாருக்கு இதக் காண முடியாமப் போச்சே!"

விஜயத்துக்கு அந்தக் காலையே கசந்துபோயிற்று.

திரும்பி வந்தால் விடுதி வாசலில் நாச்சியார் சுக்குக்காப்பியோடு நிற்கிறாள். "தலைவலியோட எங்கக்கா போனீங்க?"

ராகேல் விஜயத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு காப்பியை வாங்கிக் குடித்தாள். "தலைவலி மாறிப் போயாச்சு மக்ளே" என்றாள். விஜயத்தோடு அறைக்குள் போனதும் குரல் மாறியது.

"என்னை வச்சு இனி பொய் சொல்லாத, கேட்டியா. வர்ற ஞாயிறு நீயே அவளக் கூட்டிட்டுப் போ. நான் வரமாட்டேன்."

விஜயம் அந்த வாரம் முழுக்க ஆங்காரத்தோடு வேலை செய்தாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நாச்சியாரை அழைத்துப் போனாள். முட்டைகள் பொரிந்திருந்தன. விரல்நுனி அளவுக் குஞ்சுகள் இலைமேல் தத்தித் தத்தி நடந்தன. நாச்சியார் விஜயத்தின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல கண்டது நீங்கதானாமே? விஜயத்துக்க கண்ணு மாதிரி யாருக்கும் கிடையாதுன்னு ராகேலக்கா வாரம் முழுக்கச் சொல்லிட்டிருந்தாங்க."

 "போன வாரம் தலைவலின்னது நான் சொன்ன பொய்" என்றாள் விஜயம்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் நாச்சியார், குஞ்சுகளிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

ராகேல் கண்ணூருக்கு மாற்றலாகிப் போன பிறகும் இவர்கள் இருவரும் ஞாயிறுதோறும் வெள்ளாயணிக்குப் போனார்கள். விடுமுறைக்கு வந்த ராகேல் ஒருமுறை நாச்சியாரின் அறையில் தங்கினாள். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. விஜயத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. இரண்டு பேரில் யார்மேல் அவ்வளவு ஆத்திரம் என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.