மண்புழு டப்பா

வெயில் காலத்தில் மேலாக மேயும் மீன், குளிர் வந்தால் ஏரியின் அடிக்குப் போய்விடும். அதனால் தூண்டில் கயிற்றில் தக்கையை மேலே தள்ளி முள்ளை ஆழத்தில் இறக்கியிருந்தேன். இரை, ராகிக் களி உருண்டை. ஈஜிபுரா பக்கத்து ஏரியில் அன்று எனக்கு மட்டும்தான் மீன் விழுந்தது.

பக்கத்தில் ஆட்டோ ஓட்டும் பாய் ஒருவர். மாசமாக இருக்கும் மனைவி மீன் கேட்டாளாம்.

"என்ன இரைண்ணா?"

"மண்புழுதான் பாய்." கூசாமல் சொல்லிவிட்டு, களியைத் துண்டுக்குள் மறைத்தேன்.

அதை நம்பி மத்தியானம் வரை மண்புழுவையே கோத்துப் போட்டு, வெறுங்கையோடு எழுந்தவர், தன் புழு டப்பாவை என்னிடம் நீட்டினார். "உங்களுக்காவது விழுதே, வச்சுக்கோங்கண்ணா."

ஒரு மீனையாவது கொடுத்திருக்கலாம். கை வரவில்லை.

அப்புறம் அவர் வரவேயில்லை. இப்போதும் குளிர் தொடங்கினால் களியை இரண்டு பங்காகக் கொண்டுபோகிறேன். ஆட்டோ சத்தம் கேட்டால் தக்கையை விட்டுவிட்டு ரோட்டைப் பார்க்கிறேன்.