ஜன்னலில் தெரிந்த கை

சாக்கைப் பிரித்து எடுத்த நூலை நனைத்தால் ஒரு வாசனை வரும், பழைய அரிசியும் ஈர மண்ணும் சேர்ந்த மாதிரி. இன்றைக்கும் தாம்பரம் மார்க்கெட் பக்கம் மழையில் சாக்கு நனைந்து கிடந்தால் என் விரல் நுனி எரிகிறது. நான் ஸ்வெட்டர் பின்னல் பழகியது அந்த நூலில்தான். கம்பளி நூல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

என் அக்கா தனத்துக்குப் பதினாறு வயதில் மார்பு நோய் வந்து, எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. விஷயம் வெளியே தெரிந்ததும் பள்ளிக்கூடத்தில் என்னை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், மூன்றாம் வகுப்போடு என் படிப்பு அவ்வளவுதான். அதனால் அம்மா சாயங்காலம் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நானும் பின்னாலேயே போவேன். பிள்ளைகள் வார்டுக்குள் போகக் கூடாது. அம்மா வராந்தா சுற்றி உள்ளே போக, நான் வெளியே சவுக்கு மரத்தடியில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருப்பேன். எதிரே கொசுவலை அடித்த ஜன்னல், ஜன்னலை ஒட்டி அக்காவின் கட்டில்.

படுத்தே கிடக்கிற பெண்களுக்குப் பொழுது போகட்டும் என்று நர்சம்மா ஊசியும் நீல உல்லன் நூலும் கொடுத்திருந்தார். அக்கா கற்றுக்கொண்ட கையோடு எனக்கும் காட்ட ஆரம்பித்தாள். ஆனால் "அங்கத்துப் பொருள் வூட்டுக்கு வரக் கூடாது" என்பது அம்மாவின் சட்டம். ரயில்வேயில் தண்டவாள வேலை செய்த அப்பா, சைக்கிள் கடையில் இரண்டு சக்கரக் கம்பி வாங்கி, ஊசிக்குப் பதிலாக முனையைத் தேய்த்துக் கொடுத்தார். நூலுக்கு இருக்கவே இருந்தது கிழிந்த சாக்கு.

"இன்னாடி அது, மீன் வலையா?" என்பாள் அக்கா.

"உன்னுது மட்டும் இன்னாவாம், கால்மிதிதானே?"

"வாய் நல்லா நீளுது. கண்ணி வுட்டுட்ட பாரு."

நாளாக ஆக அவள் முகத்தில் கண் மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. ஒரு நாள் சொன்னாள்: "என் மூஞ்சில இன்னா கீது? கையப் பாருடி." அன்றிலிருந்து நான் கையைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்க எனக்கும் பயம்தான். ஊசியை முன்னாலிருந்து குத்தி நூலை இழுத்து எடுக்கிற நேர் கண்ணி எனக்குப் படிந்தபோது, "இன்னொண்ணு கீது, மறு கண்ணி. அதைச் சேத்துப் போட்டாத்தான் துணி மாதிரி வரும், அப்புறம் காட்றேன்" என்றாள். அதற்குள் இருமல் முற்றி, பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் எங்களுக்குள் கைப் பேச்சு மட்டும்தான்.

அன்றைக்கும் அம்மா வராந்தா பக்கம் போனாள், நான் கல்லில் உட்கார்ந்தேன். ஜன்னலில் கை, கையில் அதே நீல நூல். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை நின்று, கொசுவலைக்குப் பக்கத்தில் வந்தது. நூலை முன்னால் கொண்டுவந்து, ஊசியைத் திருப்பிக் குத்தி, மெதுவாக, நான் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணி போட்டது. நான் தப்பாகப் போட்டேன். அது மறுபடி போட்டுக் காட்டியது. எனக்கு வந்துவிட்டது. ஒரு வரிசை முடித்துத் தூக்கிக் காட்டினேன். கை ஊசியாலேயே கொசுவலையை லேசாகத் தட்டியது.

அம்மா வந்தாள். தூக்குவாளி மூடி திறக்கவே இல்லை.

"எழுந்துரு. போலாம்."

"இரும்மா, அக்கா மறு கண்ணி சொல்லிக் குடுத்துக்கினு கீது."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். "அது உங்கக்கா இல்லடி" என்றாள்.

அக்கா விடியற்காலையிலேயே போய்விட்டாள். எங்களுக்கு ஆள் வந்து சொல்வதற்குள் அந்தக் கட்டிலுக்கு வேறொரு பெண் வந்து, மிச்ச நூலும் அவள் கைக்குப் போயிருந்தது. அம்மா சொன்ன பிறகுதான் நான் தலையைத் தூக்கினேன். அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கம்பியைப் பிடுங்கி அம்மா வழியிலேயே எறிந்துவிட்டாள். அதற்கப்புறம் நான் பின்னல் ஊசி தொடவில்லை, தலையெல்லாம் நரைத்து, மீட்டர் கேஜ் ரயில் நின்றுபோன வருஷம் எங்கள் அடுக்குமாடியில் கீழ் வீட்டு ஜமீலா பின்னல் வகுப்பு ஆரம்பிக்கும் வரைக்கும். அக்காவுக்கு ஒரு போட்டோ கூட கிடையாது. ஊசியைப் பிடித்தால் அவள் கையாவது திரும்பி வரும் என்று நினைத்துத்தான் போனேன்.

"உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம், கண்ணு தெரியுமா?" என்றாள் ஜமீலா.

"ஊசியில நூல் கோத்துக் காட்டட்டுமா?" என்றேன்.

நேர் கண்ணி வரவில்லை. சின்னப் பெண்களெல்லாம் மஃப்ளர் முடித்து எடுத்துப்போக, நான் போட்டுப் போட்டு அவிழ்த்தேன். எவ்வளவு நினைத்துப் பார்த்தும் அக்கா எந்த விரலில் நூலைச் சுற்றுவாள் என்பது தெரியவில்லை; ஜமீலாதான் என் விரலைப் பிடித்து முதலிலிருந்து பழக்கினாள். பிறகு ஒரு நாள் மறு கண்ணி காட்டுகிறேன் என்று அவள் ஊசியை எடுப்பதற்குள், என் கை நூலை முன்னால் தள்ளி, திருப்பிக் குத்தி, வரிசை பாதி போய்விட்டது.

"எம்மா, அழகா வருதே. யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"பேரு தெரியாது" என்றேன்.

அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போய்ப் பார்த்தேன். சவுக்கு மரம் ஒன்றும் இல்லை, வண்டி நிறுத்த சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். ஜன்னலெல்லாம் அலுமினியம் ஆகிவிட்டது. அந்தப் பெண் பிழைத்து வீட்டுக்குப் போனாளா என்று கேட்கக்கூட அங்கே யாரும் இல்லை. நேர் கண்ணியும் இப்போது எனக்கு நன்றாக வருகிறது. அது ஜமீலா போடுகிற மாதிரிதான் வருகிறது.