மாத்திரை விழுங்குவதைப் பார்க்க வந்த அதிகாரி

அமெரிக்காவில், நியூஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் குடியிருந்த தரைத்தள அபார்ட்மெண்ட்டின் கதவை அந்த அதிகாரி முதன்முதலாகத் தட்டியபோது, நான் படுக்கையறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காசநோய் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்கள். வாரக்கணக்காக விடாமல் வந்த இருமலை அலர்ஜி என்றே நினைத்து மருந்துக்கடை சிரப்பைக் குடித்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் வேறொன்றைச் சொல்லின. மூன்று வயது மகளை அன்றிலிருந்து தொடவில்லை.

வாசலில் கணவரின் குரல் கேட்டது. பிறகு அவர் என் அறைக் கதவருகே வந்து கிசுகிசுத்தார்.

"கவுண்டி ஹெல்த் டிபார்ட்மெண்ட்லேர்ந்து யாரோ ஆபீசர் வந்திருக்கார். ஹெச்-ஒன் விசாவ கேன்சல் பண்ணிடுவாங்களாடி? நம்மள ரிப்போர்ட் பண்ணுவாங்களா?"

எனக்கும் அதே பயம்தான். முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு பின்பக்கத் திறந்த முற்றத்துக்குப் போனேன். நெடுநெடுவென்று உயரமாக, நரைத்த தலையோடு, முழங்கை தேய்ந்த கம்பளிக் கோட்டில், முகக்கவசம் அணிந்த ஒருவர் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளிக்காற்றில் பேசினால் இரண்டு பேருக்கும் நல்லது என்று அவரே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். அவர் பேசியது ஆங்கிலம். அமெரிக்கர்களின் ஆங்கிலமும் இல்லை, சினிமாவில் கேட்கிற பிரிட்டிஷ் ஆங்கிலமும் இல்லை. அவர் சொன்னதெல்லாம் இன்று என் நினைவில் தமிழாகத்தான் நிற்கிறது.

"நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தேவையில்லை. நான் கேட்கவும் மாட்டேன். சிகிச்சைக்கு நீங்கள் எதுவும் தரவேண்டியதில்லை. தினமும் நீங்கள் மாத்திரை விழுங்குவதை நான் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்."

"தினமுமா? நானே போட்டுக்கமாட்டேனா?" என்றேன். கொஞ்சம் ரோஷமாகவே கேட்டேன்.

"போட்டுக்கொள்வீர்கள். ஆனால் தனியாகப் போட்டுக்கொள்வது கஷ்டம். நானும் ஒரு காலத்தில் போட்டுக்கொண்டவன்தான்," என்றார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வழக்கமாக இப்படி வீடுவீடாகப் போகிற செவிலியர் பிரசவ விடுப்பில் இருந்தார். வேறு ஆள் இல்லாததால் கவுண்டி என்கிற மாவட்டத்தின் சுகாதாரத் துறைத் தலைவரான அவரே வந்துகொண்டிருந்தார். காலையில் அலுவலகம் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வருவார். நான் மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்குவேன். அவர் பார்ப்பார். பிறகு ஏதாவது பேசிவிட்டுக் கிளம்புவார். கணவரின் பரிசோதனையில் எதுவும் இல்லை. மகளுக்கு முன்னெச்சரிக்கையாக மருந்து கொடுத்தார்கள். அதைக் கசக்கிறது என்று அவள் துப்பியபோது, ஆப்பிள் கூழில் கலந்து கொடுக்கச் சொன்னவரும் அவர்தான்.

முதல் வாரம் முடிவதற்குள் எனக்குக் குமட்டல் ஆரம்பித்தது. ஒரு காலையில் விழுங்கியதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, நாற்காலியில் அமர்ந்து அழுதேன். அந்த மருந்து கண்ணீரைக்கூட ஆரஞ்சு நிறமாக்கிவிடும். துடைத்த காகிதத்தில் அந்த நிறத்தைப் பார்த்ததும் அழுகை இன்னும் அதிகமானது.

"இதோட போதும். எனக்கு இது வேண்டாம்," என்றேன்.

அவர் என்னை மறுத்துப் பேசவில்லை. "இன்றைக்கு வேண்டாம்," என்றார். "முதலில் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்ப்போம். சரி, காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?"

"காபி."

"அவ்வளவுதானா?"

ரத்தத்தில் கோளாறு எதுவும் இல்லை. மறுபடி ஆரம்பித்தபோது, நான் சாப்பிட்டு முடிக்கிற நேரம் பார்த்து வந்தார். இரண்டு இட்லி உள்ளே போனதா என்று கணவரைக் கேட்டுவிட்டுத்தான் மாத்திரைப் பையைத் திறப்பார். இட்லி என்ற சொல்லை அவர் அழுத்திச் சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். குமட்டல் மெல்லக் குறைந்தது.

அந்தக் காலைகளில்தான் அவரைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அயர்லாந்தில், ஆங்கிலேய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பெரிய வீடு, ஒழுகும் கூரை. ஊர்க்காரர்கள் அவர்களை ஆங்கிலேயர் என்றார்களாம். இங்கிலாந்தில் படிக்கப் போனால் அங்கே ஐரிஷ்காரன் என்றார்களாம். "இங்கே வந்த பிறகுதான் யாரும் எதுவும் சொல்லவில்லை. என் பேச்சு புரியவில்லை என்று மட்டும்தான் சொன்னார்கள்," என்று சிரித்தார்.

நுரையீரல் மருத்துவராக ஒரு பெரிய நகர மருத்துவமனையில் நல்ல பெயரோடு இருந்தவர். அதை ஏன் விட்டீர்கள் என்று நான்தான் கேட்டேன். உணவகத்தில் பாத்திரம் கழுவிய ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார். காசநோயோடு வந்தார், கொஞ்சம் தேறிப் போனார். மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார், மறுபடி வந்தார். கிளினிக் திறந்திருக்கும் நேரமும் அவருடைய வேலை நேரமும் ஒன்று. கடைசி முறை வந்தபோது காப்பாற்ற முடியவில்லை.

"நான் அவருக்கு மிகச் சரியான மருந்துகளைத்தான் எழுதிக் கொடுத்தேன். யாராவது தினமும் அவர் வீட்டுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார். அதனால் வீடுகளுக்குப் போகிற வேலைக்கு வந்துவிட்டேன். சாக்கடை இன்ஸ்பெக்டர் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். சாக்கடையையும் பார்த்தேன்தான்."

இதற்குள் குடியிருப்பில் செய்தி கசிந்திருந்தது. மகள் போகும் டேகேர் காப்பகத்தில் சில குழந்தைகளுக்குப் பரிசோதனை செய்யச் சொன்னதால், யாருக்கோ டி.பி. என்று வாட்ஸப் குழுக்களில் பேச்சு ஓடியது. கிளப்ஹவுஸில் கூட்டம் போட்டு அவரை அழைத்தார்கள். என் கணவரும் ஒன்றும் தெரியாதவர்போல் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். நடந்ததை அவர் திரும்பி வந்து, என் அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து சொன்னார்.

நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று அதிகாரி பொறுமையாக விளக்கியிருக்கிறார். எங்கள் பக்கத்து பிளாக் அங்கிள் ஒருவர் எழுந்தாராம்.

"பேரு வேண்டாம் சார். எந்த பில்டிங்னு மட்டும் சொல்லுங்க. நாங்க கேர்ஃபுல்லா இருப்போம்ல?"

பலர் தலையாட்டினார்களாம்.

"எந்தக் கட்டடம் என்று சொல்லமாட்டேன்," என்றிருக்கிறார் அதிகாரி. "ஆனால் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். மருத்துவம் படிக்கும்போது எனக்கு இந்த நோய் வந்தது. மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிருக்கிறான் என்று என் அம்மா ஊரில் சொல்லிவிட்டார். நான் மாடியறையில்தான் இருந்தேன். விருந்தாளிகள் வந்தால் இருமக்கூடாது என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். நோயைத் தாங்கிக்கொண்டேன், அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்தக் குடியிருப்பில் யாரும் அப்படி இருமலை அடக்கவேண்டி வரக்கூடாது. பயமிருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், இதுதான் என் எண்."

அந்த அங்கிள் உட்கார்ந்துவிட்டாராம். அவரே பிறகு நாற்காலிகளை மடித்து வைக்க உதவினார் என்றும் கணவர் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நானும் ஆரஞ்சுக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் மேல்தளத்து ஆன்ட்டி போன் செய்தார். நாகூர்ப் பக்கத்துக்காரர். லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தில் படியிறங்கும்போது புன்னகைப்பதைத் தவிர எங்களுக்குள் பழக்கமில்லை.

"நான் ஒண்ணும் கேக்கலம்மா. நீயும் ஒண்ணும் சொல்லவேணாம். கதவுல கஞ்சி மாட்டியிருக்கேன், சூடா இருக்கறப்பவே குடிச்சுடு. சாயங்காலம் புள்ளைய நான் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன், உங்க வீட்டுக்காரர் மீட்டிங்க முடிச்சுக்கட்டும்."

"ஆன்ட்டி, உங்களுக்கு பயமா இல்லியா?"

"அதான் அந்த டாக்டர் வெளக்கமா சொன்னாரே. புள்ளைக்கு நோவு இல்லல்ல? அப்புறம் என்ன?"

தினமும் சாயங்காலம் அவர் என் மகளை அழைத்துப் போனார். இஞ்சியும் பூண்டும் மணக்கிற அந்தக் கஞ்சி இல்லாமல் நான் தேறியிருப்பேனா என்று தெரியவில்லை.

சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த காலையில் அதிகாரி முற்றத்துக்கு வரும்போதே முகக்கவசத்தைக் கழற்றியிருந்தார். அவர் முகத்தை முழுதாக அன்றுதான் பார்த்தேன். மோவாயில் ஒரு தழும்பு. "இனி உள்ளே உட்காரலாம், மகளைத் தூக்கிக்கொள்ளலாம்," என்றார். ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தவளைக் கணவர் அழைத்துவந்தார். அவள் உடனே வந்துவிடவில்லை. "அம்மா, ஆர் யூ டன்?" என்று தள்ளி நின்று கேட்டாள். "டன் கண்ணா, வா," என்றேன். ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டதும் அதிகாரி எழுந்து, வேலிப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

மாத்திரைகள் அதற்குப் பிறகும் பல மாதங்கள் தொடர்ந்தன. விடுப்பு முடிந்து செவிலியர் வந்தார், அவரும் அருமையானவர். நான் வேலைக்குத் திரும்பினேன். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கும்போது பக்கத்தில் யாராவது இருமினால் விலகாமல் நின்றேன்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் கவுண்டி அலுவலகத்தில் ஒரு சின்ன விழா. யாராவது ஒரு நோயாளி பேச முடியுமா என்று செவிலியர் கேட்டார். விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்று பலமுறை சொன்னார். போனேன். கணவரும் மகளும் மேல்தளத்து ஆன்ட்டியும் முன்வரிசையில் இருந்தார்கள். எனக்குக் காசநோய் இருந்தது என்று, கேட்காதவர்களிடம் நானாகச் சொன்னது அன்றுதான் முதல்முறை. எழுதி வைத்திருந்த பேச்சில் பாதி மறந்துவிட்டது. அவர் காலையில் வருவார், நான் சாப்பிட்டேனா என்று கேட்பார் என்பதை மட்டும் சொன்னேன்.

நான் மேடையிலிருந்து இறங்கியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய கை, சில்லென்று இருந்தது.

"எனக்கு நோய் வந்தபோது, தனக்கும் இருந்தது என்று யாரும் இப்படி எழுந்து நின்று சொல்லவில்லை. என்னாலும் ஊரில் சொல்ல முடிந்ததில்லை," என்றார்.

பிறகு ஆன்ட்டி கொண்டுவந்திருந்த சமோசாத் தட்டின் பக்கம் எங்களை அழைத்துப் போனார். அவரும் ஆன்ட்டியும் அன்றைக்கு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னதில் பாதி ஆன்ட்டிக்குப் புரியவில்லை, ஆன்ட்டி சொன்னதில் பாதி அவருக்கு. இருவரும் விடாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.