முதுகில்லாத கத்தி

புதுத் தோல் உறையை மூக்கோடு சேர்த்துப் பிடித்தால் வருகிற அந்த வாசம், மெழுகும் எண்ணெயும் ஏதோ மிருகக் கொழுப்பும் கலந்த வாசம், இன்றைக்கும் ஒரு சப்பாத்துக் கடையைத் தாண்டும்போது என்னை எட்டி நடக்க வைக்கும். மற்றவர்களுக்குச் சின்ன வயதை நினைத்தால் மாம்பழ வாசமும் மல்லிகை வாசமும் வருமாம், கொடுத்து வைத்தவர்கள்! எனக்கு வருவது பன்னிரண்டு வயதில் என் இடுப்பு வாரில் தொங்கிய ஒரு கத்தியின் வாசம்தான்.

அப்போது நாங்கள் சுவிஸில், பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் இருந்தோம். அப்பா பேர்ணில் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் மரக்கறி வெட்டினார், அம்மா அலுவலகங்கள் துடைத்தாள். எங்களிடம் இருந்தது "எஃப் விசா". இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் நாட்டின் எல்லையைத் தாண்டக்கூடாது என்பதுதான் அதன் சுருக்கம். அப்பாவுடைய ஒரே தங்கச்சி, என் மாமி, பாரிஸில் இருந்தா. தாய் தகப்பன் இல்லாமல் அப்பா தூக்கி வளர்த்த தங்கச்சி. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமையில் பாதி நாள் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினோடு கிடந்த மனுசி, எங்களிடம் வர வழியில்லை. பேர்ணில் காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாரிஸ் போய்விடலாம், அந்த ரயிலில் அப்பா ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோனில் மாமி கேட்பது ஒன்றே ஒன்று: "அண்ணை, எப்ப வாறியள்?" அந்த வருசம்தான் அப்பா "பி விசா"வுக்கு விண்ணப்பித்திருந்தார். அது கிடைத்தால் போகலாம். "ஒரு கீறல் விழக்கூடாது, பிள்ளை. ட்ராமிலை ரிக்கற் இல்லாமல் ஒரு தரிப்புக்கூடப் போகக்கூடாது" என்று சொல்லிச் சொல்லியே எங்களைக் கண்ணாடிப் பாத்திரம் தூக்கினவர்கள் மாதிரி நடக்க வைத்தார்.

நான் பள்ளிக்கூடச் சிநேகிதிகளோடு சாரணர் குழுவில் சேர்ந்திருந்தேன். கோடை விடுமுறையில் காட்டுக்குள் பாசறை. அதற்கு முன் எங்கள் குழுத் தலைவி, இருபது வயதுப் பெட்டை, வீட்டுக்கு வந்து அம்மாவின் பால் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, என்னென்ன வேண்டுமென்று சொன்னாள். நித்திரைப் பை, மழைச்சட்டை, பிறகு ஒரு "டொல்க்". மடக்குக் கத்தி கூடாது, விறகு பிளக்கும்போது மடிந்து விரலை எடுத்துவிடும், நிலையான அலகு உள்ளதாக ஒன்று, விலை கூடியது தேவையில்லை என்றாள். அப்பா "டொல்க், டொல்க்" என்று இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அவள் போன பிறகு அகராதியை எடுத்துப் பார்த்தார். குத்துவாள், இருபுறமும் கூரானது என்று போட்டிருந்தது. "சின்னப் பிள்ளையளுக்கு ஏனப்பா இப்பிடி ஒண்டு?" என்று அம்மா கேட்டாள். "அவையின்ர ஊர், அவையின்ர முறை. சொன்னதை வாங்கினாப் பிழை வராது" என்றார்.

சனிக்கிழமை பழைய சாமான் சந்தைக்கு இருவரும் போனோம். வேட்டைக்காரத் தொப்பி போட்ட ஒரு கிழவர் மேசையில் கத்திகளைப் பரப்பி வைத்திருந்தார். கத்தி என்றால் அப்பாவுக்குச் சோறு, சும்மா விடுவாரா! ஒவ்வொன்றாக எடுத்து, அலகைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்து, நகத்தில் மெல்ல வைத்துக் கூர் பார்த்து, பிடியை மேசையில் தட்டி ஆட்டம் இருக்கிறதா என்று காது கொடுத்தார். அலகின் இரும்பு பிடிக்குள்ளே கடைசிவரை ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும், பாதியில் நின்றால் விறகிலே முறியும் என்றார். கடைசியில் அவருக்குப் பிடித்தது மரப்பிடி போட்ட ஒரு கத்தி: என் உள்ளங்கை நீளத்தில் அலகு, ஒரு பக்கம் கூர், மறுபக்கம் தடித்த முதுகு. "கத்திக்கு முதுகு வேணும், பிள்ளை. அப்பதான் பெருவிரலை வைச்சு அமத்தலாம்." மான் தோல் உரிக்கவும் இதுதான் நல்லது, சுள்ளி சீவவும் இதுதான் நல்லது என்று கிழவரும் தலையாட்டினார். விலையும் எங்கள் கைக்கு அடக்கம். அதை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

அப்பா வாங்கும் முன்னர் ஒரு கேள்வி கேட்டார். "இது டொல்க்கோ?" கிழவர் சிரித்து, இல்லை, இது கத்தி, டொல்க் வேண்டுமென்றால் அங்கே என்று பக்கத்து மேசையைக் காட்டினார். அங்கே பழைய இராணுவச் சாமான் விற்கிறவன் தோல் உறையிலிருந்து ஒன்றை உருவினான். ஒல்லி அலகு, இரண்டு பக்கமும் கூர். அப்பாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. "முதுகில்லாத கத்தி, எந்தப் பக்கம் திருப்பினாலும் வெட்டும்" என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் அதைத்தான் வாங்கினார். தன் கண்ணை நம்பாமல் மற்றவன் வாய்ச்சொல்லை நம்பினார்! அகதியாய் வந்த மனுசனுக்கு வேறென்ன வழி? அப்படிப்பட்ட கத்தியை வாங்குவதே இந்த நாட்டில் தடை என்று விற்றவனுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு ஆர் சொல்லுவது?

இடையில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், கொடுத்தால் பகை வரும் என்பாள் அம்மா. கீழே வைக்கவேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ளவேண்டும். அப்பாவின் சமையலறையிலும் அதே சட்டம்தான், அங்கே காரணம் விரல்கள். வீட்டுச் சாத்திரமும் வேலைச் சட்டமும் ஒத்துப்போனதில் அப்பாவுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

பாசறைக்குப் புறப்படும் நாள் பேர்ண் ரயில் நிலையத்தில் எல்லாரும் கூடினோம். மற்றப் பிள்ளைகளின் இடுப்பைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. எல்லாரிடமும் தடித்த முதுகுள்ள சாதாரணக் கத்தி. இங்கத்தைய சாரணர்கள் அதைத்தான் டொல்க் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள், அகராதிக்கு அது தெரியாது. அப்பாவிடம் சொல்ல நான் வாயைத் திறக்க முன்னரே இரண்டு பொலிஸ்காரர் எங்கள் பக்கம் வந்தார்கள். அவர்களில் இளையவன் என் இடுப்பைப் பார்த்தான், உறையின் வடிவத்திலேயே விளங்கியிருக்கவேண்டும். ஆர் வாங்கியது என்று கேட்டான். "நான்தான்" என்று அப்பா சிரித்த முகத்தோடு முன்னுக்கு வந்தார். அதைத் தாருங்கள் என்று அவன் கையை நீட்டினான்.

உறை என் வாரோடு கோத்திருந்தது. அதனால் அப்பா கத்தியை மட்டும் உருவினார். நீட்டிய கையில் அதை வைக்காமல், மரியாதைப்பட்ட மனிதன் செய்கிற மாதிரி, கீழே வைக்க இடம் தேடினார். பயணிகள் உட்காரும் வாங்கு ஒன்று பொலிஸ்காரனுக்குப் பின்னால் இருந்தது, அதை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார். அவன் கத்தினான். அப்பா பதறி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "நிக்ட் ஹாண்ட், நிக்ட் ஹாண்ட்" என்றார். கையில் இல்லை, கையில் தரக்கூடாது என்று அர்த்தம். அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? உருவிய குத்துவாளோடு ஒரு கறுத்த மனிதன், தரமாட்டேன் என்கிறான்! "வைக்கத்தான் போறார், வைக்கத்தான் போறார்" என்று நான் சுவிஸ் ஜெர்மனில் தொண்டை கிழியக் கத்தினேன். ஐயோ, ஆர் கேட்டது! அப்பாவைக் குப்புறத் தள்ளி, கையைப் பின்னால் முறுக்கினார்கள். தோள்மூட்டு விலகிய சத்தம் எனக்குக் கேட்டது. அவரது கன்னம் நிலையத்துத் தரையில் அழுந்தியிருந்தது, கண் என்னைத்தான் பார்த்தது. நான் பாசறைக்குப் போகவில்லை.

சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். எங்களுக்கு ஏணியே சரிந்தது. தடைசெய்த ஆயுதம், பொலிசாரை எதிர்த்தது என்று இரண்டு குற்றம் எழுதினார்கள். குழுத் தலைவி அழுதுகொண்டு வந்து, தான் சொன்ன சொல்லால் வந்த வினை என்று சாட்சி சொன்னாள். அதனால் தண்டம் குறைந்தது, குற்றம் போகவில்லை. "பி விசா" விண்ணப்பம் வழக்கு முடியும்வரை நின்றது, முடிந்த பிறகு மறுக்கப்பட்டது. தோளைத் தூக்க முடியாத அப்பாவை மரக்கறி மேசையிலிருந்து கோப்பை கழுவும் பக்கம் மாற்றினார்கள். மாமிக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. "கொஞ்சம் இழுபடுது, தங்கச்சி, வாறன்" என்று அப்பா டெலிபோனில் சொல்வதும், வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்துவதும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனது.

அதற்கடுத்த மாரிக் குளிரில் மாமி செத்துப்போனா. அவசரமாகப் போய்வர அப்பா அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. செத்தவீட்டை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். பெட்டிக்குள் கிடந்த தங்கச்சியை, வரவேற்பறைத் தரையில் சம்மாணம் போட்டு, எங்கள் தொலைக்காட்சியில் பார்த்தார் அப்பா. கொள்ளி வைக்கும் முன் யாரோ, "தமையன் வரேல்லையோ?" என்று கேட்பது அதில் பதிவாகியிருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை, கடைசிவரை பார்த்தார். அழவுமில்லை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, ஆர்மேல் என்றுதான் தெரியவில்லை.

இப்போது நான் ஃப்ரிபூர்க்கில் வேலை பார்க்கிறேன். போன மாதம் என் மகளின் பாசறைக்குக் கத்தி வாங்கப் போனேன். பிளாஸ்டிக் பிடி, ஒரு பக்கக் கூர், மலிவு, அதைவிட ஒரு பிள்ளைக்குத் தேவையில்லை. வாங்கி முடிய அரை நிமிசம் எடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமைச் சந்தை இப்போது இல்லை, அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்துகிறார்கள். கத்தி, கரண்டி, சப்பாத்து எதுவானாலும் தூக்கி, தட்டி, காது கொடுத்துப் பார்த்து வாங்குகிற என் அப்பாவும் இல்லாமல் போய்விட்டார். இருக்கிறவர், அம்மா வாங்கி வந்ததைப் போட்டுக்கொள்கிற ஒரு மனிதர்.

அவருக்குச் சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்து வருசங்கள் ஆகின்றன. போன கிழமை வீட்டுக்குப் போனபோது, "இந்தக் கோடைக்குப் பாரிசுக்குப் போய்வருவமோ, அப்பா? ஆரும் மறிக்க மாட்டினம்" என்றேன்.

"போகலாம்தான், பிள்ளை" என்றார். "போய் ஆரைப் பாக்கிறது?"