அப்பாவின் மறதிக்கு வைத்தியம் தேடிச் சேலம் வரை

அப்பாவுக்கு வயது அறுபத்திரண்டு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் தோட்டம். போன மாசியில், கிழங்கு லோடு ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வழி தெரியாமல் மல்லசமுத்திரம் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தெரிந்தவர் பார்த்துப் போன் செய்தார். ‘வயசானா அப்படித்தான்’ என்ற சொந்தக்காரர்களை ஒதுக்கிவிட்டு, அடுத்த வாரமே ஈரோட்டிலிருந்து வந்து அவரைச் சேலத்துக்கு அழைத்துப் போனேன். நான் ஒரே மகள், கோமதி. இதே காரியமாகக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சங்ககிரி வழியாகச் சுமார் ஐம்பது கிலோமீட்டர். பஸ் இருக்கிறது, ஆனால் அவர் நடுவழியில் இறங்கிவிடுவாரோ என்று பயம். ஊர்க்காரர் செந்திலின் காரைப் பேசினேன். போக வர இரண்டாயிரத்து ஐந்நூறு. சங்ககிரியில் லாரிகளுக்கு நடுவே நின்று டீ குடித்தோம். "சர்க்கரை கம்மியாப் போடு சாமி" என்று அப்பா கடைக்காரரிடம் சிரித்தார். இவருக்குப் போய் என்ன வியாதி என்று எனக்கே தோன்றியது.

சேலம் சூரமங்கலத்தில் நரம்பு டாக்டர். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. தைராய்டோ பி12 சத்தோ குறைந்திருந்தால் மறதி சரியாகும் என்று படித்திருந்தேன். ரத்தத்தில் ஏதாவது கோளாறு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றும் இல்லை. நல்ல ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

டாக்டர் என்னைக் காட்டி, "இவங்க யாருங்கய்யா?" என்றார்.

"நம்ம சாமிங்க."

"பேரு?"

"சாமிதானுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க பக்கம் பெரியவங்க, குழந்தைங்க எல்லாரையும் அப்படித்தாங்க கூப்பிடுவாங்க" என்றேன்.

"சரிம்மா. நீங்களே பேரைக் கேளுங்க."

கேட்டேன். அப்பா சிரித்தார். "ஏஞ் சாமி, உம் பேரு உனக்கே தெரியாதா?"

டாக்டர் சிரிக்கவில்லை. மருமகன், பேரன், பால்காரர், எல்லாருமே அவருக்குச் சாமிதான். அந்தச் செல்லத்தில் குளிர்ந்துபோய், எங்கள் பெயர்கள் அவரிடமிருந்து எப்போது போயின என்றுகூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறோம். மாத்திரை கொஞ்ச காலம் தள்ளிப்போடும், போனது திரும்பாது என்றார் டாக்டர்.

போகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துப் போங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், காத்திருப்பு அதிகம். எங்களைப் போல ‘சாமி’ போட்டுக் கூப்பிடும் வீடாக இருந்தால், இன்றைக்கே பெரியவர்களிடம் உங்கள் பெயரைக் கேட்டுப் பாருங்கள். நம்பிக்கையாக வேறு ஏதாவது எழுத ஆசைதான். இல்லை.

திரும்பும்போது சங்ககிரி தாண்டி இருட்டிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த என்னை அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு முன்னால் குனிந்து, காரோட்டிய செந்திலிடம் மெதுவாகச் சொன்னார்:

"ஏப்பா, மொதல்ல இந்தப் புள்ளைய அவுங்க ஊட்டுல எறக்கி உட்டுரு. பொழுது போச்சு, அவுங்கப்பன் தேடிக்கிட்டு இருப்பான்."